ஓடாத ஜிப்புக்கு வரி இல்லை

நாட்டுத் தொழிலைக் காப்பாற்றுவது என்று ஒரு வாரியம் முடிவு செய்துவிட்டால், முதலில் யாரையாவது பிடித்துக் காப்பாற்றியாக வேண்டும். பைக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். ஓடத் தெரியாதவர் வேறு.

அவர் பள்ளிக்கூடப் பை தைத்து விற்பவர். வீட்டின் முன்னறையில் ஒரு பெரிய மேசை. அதன் மேல் அட்டை அச்சை வைத்து அவர் மனைவி துணி வெட்டுவாள். பின்னறையில் எட்டு மெஷின், எட்டுப் பெண்கள், ஒரே ஒரு மின்விசிறி. அந்த விசிறி எவ்வளவு எண்ணெய் விட்டாலும் இடப்பக்கம்தான் தலையைத் திருப்பும். அதனால் வலது வரிசைக்காரர்களும் இடது வரிசைக்காரர்களும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இந்த ஒப்பந்தத்தைச் செய்துவைத்தவர் கண்ணாடி அக்கா. பட்டறையிலேயே மூத்தவர், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். எந்த வாரியமும் இல்லாமல் பதினாறு வருடமாக அந்த ஒப்பந்தம் ஒழுங்காக நடந்துவந்தது.

பிறகு கப்பலில் பைகள் வந்தன. வெளிநாட்டுப் பை, பளபளவென்று, பைக்காரர் துணி வாங்குகிற விலைக்கே முழுப் பையாக நடைபாதையில் கிடைத்தது. அவருடைய பை மூன்று வருடம் தாங்கும். கப்பல் பை அரையாண்டுப் பரீட்சை வரை தாங்கினால் பெரிய காரியம். ஆனால் எந்தப் பிள்ளை மூன்று வருடத்தைப் பார்த்துப் பை கேட்கிறது? பளபளப்பைப் பார்த்துத்தான் கேட்கிறது.

அப்போதுதான் மச்சான் வந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பை வியாபாரிகள் சங்கத் தலைவர். வாழ்நாளில் ஒரு பையும் தைத்ததில்லை என்பதால் சங்கத்தைக் கவனிக்க அவருக்கு நேரம் இருந்தது. பதினான்கு பக்க மனு ஒன்றைக் கொண்டுவந்து வெட்டு மேசை மேல் போட்டார்.

"வெளியிலேருந்து வர்ற பைக்கெல்லாம் வரி போடச் சொல்லிக் கேக்கறோம். மாப்பிள்ளே, முதல் கையெழுத்து உங்களுது. தைக்கறவர் கையெழுத்துக்குத்தான் மதிப்பு. எங்களை மாதிரி வாயால பிழைக்கறவங்க கையெழுத்தை எவன் மதிக்கறான்?"

பைக்காரர் புரட்டிப் பார்த்தார். 'பைகள் மற்றும் பை சார்ந்த பொருள்கள்' என்று போட்டிருந்தது.

"பை சார்ந்த பொருள்னா என்ன மச்சான்?"

"அது சும்மா மாப்பிள்ளே, ஒரு கனத்துக்கு. வெறும் பைன்னு மட்டும் எழுதினா மனு ஒல்லியாத் தெரியுது."

கையெழுத்துப் போட்டார். மச்சான் போன பிறகு மனைவி கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"முழுசாப் படிச்சீங்களா?"

"உங்க அண்ணன் படிச்சிருக்காரே."

"அவர் படிச்சிருப்பார். நீங்க படிச்சீங்களா?"

"உன் கூடப்பிறந்தவரையே நம்பலைன்னா நான் வேற யாரைத்தான் நம்பறது?"

இதற்கு ஒரு தங்கை என்ன பதில் சொல்வாள்? கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டினாள். ஆனால் அன்றைக்கு வெட்டியதில் நாலு துண்டு கோணலாகப் போயிற்று.

நாலே மாதத்தில் வரி வந்துவிட்டது. உள்நாட்டுத் தொழில் காப்பு வாரியத்திலிருந்து ஒரு கேமராக்காரரும், வெளிச்சத்துக்கு வெள்ளைக் குடை பிடிக்கிற ஒருவரும் வந்து இறங்கினார்கள். பைக்காரரை மெஷின் முன் உட்காரவைத்தார்கள். கேமராக்காரர் அவரை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "இவர் காப்பாத்தப்பட வேண்டியவர் மாதிரியே தெரியலையே" என்று வருத்தப்பட்டார். சலவைச் சட்டையைக் கழற்றி, விறகடுக்கும்போது போடுகிற சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஜன்னலை மூடி ஒரு படம். பிறகு ஜன்னலைத் திறந்து, "காப்பாத்தியாச்சு, சிரிங்க" என்று இன்னொரு படம். இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் போஸ்டராக ஊரெல்லாம் ஒட்டப்பட்டன. 'காப்புக்கு முன், காப்புக்குப் பின்.' பைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில்தான் போனார், அந்த வழியில் போஸ்டர் அதிகம்.

எட்டாம் நாள் சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் வரவழைத்திருந்த ஜிப்புகள் குடோனில் நிற்கின்றன என்றும், ஜிப் என்பது பை சார்ந்த பொருள் என்றும், ஆகவே ஜிப்பின் விலை எவ்வளவோ அவ்வளவு வரியும் கட்ட வேண்டும் என்றும் அதில் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்டில் ஜிப் செய்கிறவர் ஒருவரும் கிடையாது. எல்லாருமே வெளியிலிருந்துதான் வாங்கினார்கள். ஒரு பள்ளிக்கூடம் தொள்ளாயிரம் பைக்குச் சொல்லியிருந்தது. பள்ளி திறக்கும் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு வேலையை நம்பித்தான் எட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அது போனால் பின்னறையைப் பூட்ட வேண்டியதுதான்.

சுங்க அலுவலகத்தில் உட்காரும் நாற்காலிகளை ஒன்றோடொன்று கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும். மதிப்பீட்டு அதிகாரி நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். கடுகடுத்த அதிகாரியிடம் மாட்டினால் தப்பிக்க வழியுண்டு. அன்பான அதிகாரியிடம் மாட்டினால் அதோகதிதான்.

"சார், ஜிப் இல்லாம நான் எப்படிப் பை தைக்கறது? யாரைக் காப்பாத்த சார் இந்த வரி?"

"உள்நாட்டு ஜிப் உற்பத்தியாளரை."

"அப்படி யாரும் இல்லையே சார்."

"இப்போ இல்லை. காப்பு இருந்தாத்தானே பிறப்பார்? குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே தொட்டில் வாங்கறதில்லையா?"

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி போயிற்று. நிறைய வெளிநாட்டுப் பைகள், அதே பளபளப்பு. பைக்காரர் பதறிப்போய் எழுந்தார். வரிசையில் இருந்த ஆறு பேரும் கூடவே ஆடினார்கள்.

"சார், பை போகுது சார்!"

"அது பை இல்லைங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு பென்சில் இருக்கு. அதனால அது பென்சில் உறை. கல்விப் பொருள், வரி கிடையாது."

"பென்சில் ஒரு சாண் சார். அந்தப் பை குழந்தை முதுகு உயரம் இருக்கு!"

"உறை கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கு," என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். "தாராளத்துக்கு வரி போட நமக்கு அதிகாரம் இல்லை."

பிறகு பைக்காரரின் சரக்கைச் சோதிக்க அழைத்துப் போனார். ஜிப் என்று நிரூபணமானால்தான் வரி. திறந்து மூடினால் அது ஜிப். அந்தச் சோதனைக்கு இரண்டு ஊழியர்கள்: ஒருவர் திறப்பவர், ஒருவர் மூடுபவர். திறப்பவர் இருந்தார். மூடுபவர் மூன்று வாரம் விடுப்பில் போயிருந்தார். திறப்பவரே மூடிவிடலாமே என்று பைக்காரர் கேட்டதற்கு, திறப்பவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அது அவர் பதவிங்க. நாளைக்கு நான் மூடறதைப் பாத்துட்டு அவர் திறக்க ஆரம்பிச்சா என் கதி?"

மூன்று வாரம் காத்திருந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பைக்காரரின் முகத்தைப் பார்த்து அதிகாரிக்கே இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன். ஓடற ஜிப்புக்குத்தான் வரி. ஓடாத ஜிப்புக்கு வரி இல்லை. அது வெறும் மூலப்பொருள்."

இழுத்தால் மேலும் கீழும் ஓடுகிற அந்தச் சின்ன உலோகத் துண்டைத் தொழிலில் ரன்னர் என்பார்கள். அதைக் கழற்றிவிட்டால் ஜிப் ஓடாது. இது பைக்காரருக்குத் தெரியாதா?

"இங்கேயே உக்காந்து கழட்டிக்கலாமா சார்?"

"கழட்டக் கூடாதுன்னு எந்த விதியும் இல்லை."

மறுநாள் காலை ஒரு வேன் பிடித்து, மனைவியையும் எட்டுப் பெண்களையும் எட்டுக் குறடுகளையும் ஏற்றிக்கொண்டு குடோனுக்குப் போனார். சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். ஜிப்பின் கடைசியில் இருக்கும் தடுப்பைக் குறடால் பிடுங்கி, ரன்னரை உருவி எடுக்க வேண்டும். சிதறினால் ஆயுசுக்கும் பொறுக்க முடியாது என்பதால், மனைவி ரன்னர்களை நூறு நூறாக நூலில் கோத்து, முனையில், பைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற நீல உள்துணியின் கீற்றை வைத்து இரட்டை முடிச்சுப் போட்டு அடுக்கினாள். இரண்டு நாள் ஆயிற்று. விரல் நுனியெல்லாம் சிவந்து போயிற்று.

"இத்தனை வருஷமா மாட்டினதை இப்போ கழட்டறோம்," என்றார் கண்ணாடி அக்கா. "நாளைக்குத் தச்சதைப் பிரிக்கச் சொல்லுவாங்க. அதுக்கடுத்த நாள் பருத்தியைச் செடியில ஒட்டச் சொல்லுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். திறப்பவர்கூட ஓரமாக நின்று சிரித்தார்.

மூன்றாம் நாள் சரக்கை எடுக்கப் போனபோது அதிகாரி டீ வாங்கிக் கொடுத்தார். டீயைப் பார்த்ததுமே ஏதோ வரப்போகிறது என்று பைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"உற்பத்தி உரிமம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"எதுக்கு சார்?"

"நீங்க இங்க ரெண்டு நாள் செஞ்சது உற்பத்தி."

"நான் பிரிச்சேன் சார்!"

"பிரிக்கறதுக்கு முன்னாடி அது ஜிப். பிரிச்சப்புறம் மூலப்பொருள். ஒரு பொருளை இன்னொரு பொருளா மாத்தறதுக்குப் பேர் என்ன? உற்பத்தி. சுங்கக் குடோன்ல உரிமம் இல்லாம உற்பத்தி பண்ணினா சரக்கு பறிமுதல்."

"கழட்டக் கூடாதுன்னு விதியே இல்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க!"

"அன்னைக்கு இல்லை. அந்த விதி நேத்து மத்தியானம் வந்துச்சு."

"திடீர்னு எப்படி சார்?"

"திடீர்னு இல்லைங்க. நீங்க கழட்டறதைப் பாத்துட்டுத்தான் போட்டோம். சட்டம் அனுபவத்திலேருந்து வரணும்." அதிகாரி அவர் தோளைத் தட்டினார். "உங்க பேரை முன்னுரையில குறிப்பிட்டிருக்கோம்."

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பது பைக்காரருக்குத் தெரிந்த பழமொழிதான். ஆனால் தான் மருமகள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பறிமுதலான சரக்கு பதிவு பெற்ற உள்நாட்டு உற்பத்தியாளருக்குப் போகும் என்றார் அதிகாரி. அப்படி ஒருவர் முந்தாநாள் பிறந்துவிட்டாராம். பெயரும் முகவரியும் சொல்லக் கூடாது, காப்பில் இருப்பவர்.

பைக்காரர் நேரே வாரியத்துக்குப் போனார். வாசலில் அவருடைய போஸ்டர் இருந்தது. காவலாளி போஸ்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முன்னா, பின்னா?" என்று கேட்டார். பைக்காரருக்கே சந்தேகமாக இருந்தது.

வாரியத் தலைவர் அவரைக் கட்டிப் பிடித்து வரவேற்றார்.

"ஐயா, ஜிப்புக்குப் போட்ட வரியை எடுத்துடணும். நான் செத்துக்கிட்டிருக்கேன்."

"அந்த வரியைக் கேட்டதே நீங்கதானே? இதோ முதல் கையெழுத்து."

"நான் ஜிப்புக்குக் கேக்கலைங்க."

"எந்தக் குழந்தையும் ஊசி கேக்கறதில்லை. டாக்டர்தான் போடறார்." தலைவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். ஒரே ஒருவர் கேட்டாலும் அவருக்குச் சொற்பொழிவுதான் வரும். "வாரியம் ஆரம்பிச்சப்போ நாம காப்பாத்த நாலாயிரம் பட்டறை இருந்துச்சு. ஒரு பட்டறைக்கு ரெண்டு நிமிஷம்கூட ஒதுக்க முடியலை. ரொம்ப வேதனைப்பட்டோம். இப்போ முன்னூறுதான். ஒவ்வொருத்தரையும் முகம் பாத்துப் பேசறோம், டீ குடுக்கறோம். இன்னும் ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு பட்டறைதான் மிஞ்சும்னு கணிச்சிருக்கோம். அந்த ஒருத்தரை நாங்க எப்படிக் காப்பாத்துவோம்னு கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க! வாரியம் முழுக்க அவர் ஒருத்தருக்காகவே வேலை செய்யும்."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஒருத்தர் மேல் அவருக்கு உண்மையிலேயே பாசம்.

"என்கிட்ட எட்டுப் பொம்பளைங்க வேலை செய்யறாங்க ஐயா," என்றார் பைக்காரர்.

"அப்படிச் சொல்லுங்க. சலுகைக்கு வழி இருக்கு. அவங்களைப் பத்தி ஒரு பட்டியல் குடுங்க. பேரு மட்டும் போதாது, மனசை உருக்கணும். எங்க குழு ரொம்ப இளகின மனசுக்காரங்க, ஆனா எழுத்துல இருந்தாத்தான் இளகுவாங்க."

படிவத்தில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'இரக்கக் குறிப்பு'. அன்று சாயங்காலம் பைக்காரர் வெட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எழுதினார். தையல் நடுவே, சாப்பாட்டு நேரத்தில், முன்பணம் கேட்க வந்து தயங்கி நின்ற வேளையில், அந்தப் பெண்கள் சொல்லிக்கொண்டதெல்லாம் அவர் காதில் இருந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனது, பிள்ளைக்கு வலிப்பு வருவது, ஒன்று விடாமல் எழுதினார். கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். அவர்களுக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டார்.

சலுகை வரவில்லை. பட்டியல் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது, மிகவும் உருக்கமாக இருந்ததாக ஒரு வரியோடு.

வேறு வழியில்லாமல், வாரியத்தின் விற்பனைக் கூடத்தில் உள்நாட்டு ஜிப் ஒரு பெட்டி வாங்கினார். வரி கட்டிய ஜிப்பைவிட அதற்கு விலை கூடுதல். ரன்னர் மாட்டாமல் தனியாக இருந்தது. மாட்டுவது வாங்குகிறவர் பொறுப்பாம். மனைவி பெட்டியைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

அவள் ஒரு ரன்னர் சரத்தைத் தூக்கிக் காட்டினாள். நூறு ரன்னர், முனையில் நீல உள்துணிக் கீற்று, இரட்டை முடிச்சு.

"இது நான் போட்ட முடிச்சு."

பெட்டியின் அடியில் ஒரு சீட்டு இருந்தது. உற்பத்தியாளரின் பெயரை மசியால் அழித்திருந்தார்கள். முகவரியை அழிக்க மறந்துவிட்டார்கள். அவள் அதை இரண்டு முறை படித்தாள். அவள் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண் அது.

இருவரும் அங்கே போனபோது மச்சான் கார் கொட்டகையில் இருந்தார். காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே ஒரு நாற்காலி போட்டு, 'உள்நாட்டு ஜிப் உற்பத்தி நிலையம்' என்று பலகை மாட்டியிருந்தார். திருட்டு முழி முழிப்பார் என்று பைக்காரர் எதிர்பார்த்திருந்தார். மச்சானோ, "வாங்க வாங்க" என்று இரண்டு நாற்காலி எடுத்துப்போட்டார்.

"எவனோ ஒருத்தன் கொத்திக்கிட்டுப் போறதுக்கு நம்ம குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்னுதான் மாப்பிள்ளே."

"பை சார்ந்த பொருள் சும்மா ஒரு கனத்துக்குன்னு சொன்னீங்களே மச்சான்."

"பைக்கு வரி போட்டா அவன் பென்சிலைப் போட்டு அனுப்புவான்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீங்க?"

"தெரிஞ்சதாலதானே ஜிப்பைச் சேர்த்தேன்! ஒரு வரியாவது நிக்கணுமில்ல? பாடுபட்டு மனு குடுத்து ஒண்ணுமே கிடைக்கலைன்னா சங்கத்துக்கு என்ன மரியாதை?"

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே," என்றாள், "நான் ரெண்டு நாள் தரையில உக்காந்து கோத்தேன்."

"உன் கைநேர்த்தி எனக்குத் தெரியாதா? பாத்ததுமே உன் வேலைன்னு கண்டுபிடிச்சிட்டேன். ஒண்ணைக்கூடப் பிரிக்கலை, அப்படியே வித்துட்டேன்." அவர் முகத்தில் நிஜமான பாசம் இருந்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. "அப்புறம் மாப்பிள்ளே, உங்க ஆளுங்க எட்டுப் பேரையும் இங்க அனுப்பிடுங்க. ரன்னர் மாட்டித்தான் இனிமே விக்கணுமாம். உள்நாட்டுப் பொருள்னு முத்திரை போட நம்ம ஊர்க் கை ஒண்ணாவது படணும்னு வாரியத்துல சொல்றாங்க."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். மச்சான் விஷயத்தில் நெய்யும் மாப்பிள்ளையுடையது, கையும் மாப்பிள்ளையுடையது. தங்கை எழுந்துகொண்டாள். இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருமுனை வந்த பிறகுதான் அழுதாள். அவளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை; பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்தக் கதவு எண் ஒன்றுதான் மிச்சமிருந்தது. பைக்காரருக்கு மச்சான் போனது அவ்வளவு வலிக்கவில்லை, அவள் அழுததுதான் நெஞ்சை அறுத்தது. படித்துப் பார்த்தீர்களா என்று அவள் கேட்ட நாளை அவள் அப்போதும் சொல்லிக் காட்டவில்லை.

தொள்ளாயிரம் பை என்ன ஆயிற்று என்றால், பள்ளிக்கூடம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தொள்ளாயிரம் பென்சில் உறை வாங்கிக்கொண்டது. பென்சில் இலவசம் என்பதில் பிள்ளைகளுக்கு ரொம்ப சந்தோஷம். பின்னறையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் ஒவ்வொருவராக மச்சான் கொட்டகைக்குப் போனார்கள். போகாதே என்று சொல்லப் பைக்காரருக்கு வாய் எது? கடைசியாகப் போனவர் கண்ணாடி அக்கா. போகும்போது விசிறியை நிறுத்திவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் வாரியத்தின் ஆண்டு விழா. முன்வரிசையில் உட்காரச் சொல்லி அழைப்பு வந்தது. மனைவி வர மறுத்துவிட்டாள். பைக்காரர் போனார். ஏன் போனார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அழைத்தால் போய்விடுகிற சுபாவம். அந்தச் சுபாவத்தை நம்பித்தானே இத்தனையும் நடந்தது.

மேடையில் வாரியத் தலைவர், மதிப்பீட்டு அதிகாரி, மச்சான். பின்னால் பெஞ்சில் எட்டுப் பெண்கள், ஒரே நிறப் புடவையில். மூடுபவர்கூட விடுப்பு முடிந்து வந்திருந்தார்; திரையைத் திறப்பவர் திறந்தார், அவர் மூடக் காத்திருந்தார்.

"வரி போட்டா வேலை போகும்னு சிலர் பேசினாங்க," என்று தலைவர் மைக்கைப் பிடித்தார். "கண் இருக்கறவங்க பாருங்க! ஒரு வருஷத்துல, நாட்டுல இதுவரைக்கும் இல்லாத ஒரு தொழில்ல, எட்டுப் புது வேலை! இந்தப் பெண்கள் போன மாசம் வரைக்கும் வேலை இல்லாம இருந்தவங்க. இவங்க யாரு, என்ன கஷ்டத்துலேருந்து வந்தவங்கன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்த காகிதம் பைக்காரருக்கு அடையாளம் தெரிந்தது. தன் கையெழுத்து எவ்வளவு தூரத்திலிருந்தாலும் தெரியும்.

தலைவர் நிறுத்தி நிதானமாக, உருக்கமாகப் படித்தார். இவரைப் புருஷன் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போய்விட்டான். இவருடைய மகளுக்கு வலிப்பு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைத்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பெண் எழுந்து நிற்க வேண்டும். கூட்டம் உச்சுக்கொட்டியது. நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். தங்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாதவை சில அதில் இருந்தன.  எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது பைக்காரருக்கு, ஓடத்தான் தெரியவில்லை.

எட்டாவதாகக் கண்ணாடி அக்கா எழுந்தார். "இவருக்கு வலது கண்ணில் பார்வையே கிடையாது. ஒரே கண்ணால் தைத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. மச்சான் மட்டும் கைதட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்மணியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு மச்சான் மைக்கை வாங்கினார். "இத்தனைக்கும் காரணம் என் மாப்பிள்ளை. முதல் கையெழுத்து அவருது. எழுந்து நில்லுங்க மாப்பிள்ளே!"

எழுந்து நின்றார். மண்டபம் முழுக்கத் தட்டியது. பெஞ்சில் இருந்த எட்டுப் பேரின் கைகள் மட்டும் மடியிலேயே இருந்தன.

விழா முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணாடி அக்கா பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"நாளையிலேருந்து வர வேணாம்னுட்டார் தம்பி, உங்க மச்சான். ரன்னர் மாட்டற வேலைக்கு ரெண்டு கண்ணும் வேணுமாம்."

"அக்கா, உங்களுக்குச் சலுகை கிடைக்கும்னுதான்... ஏமாத்திட்டாங்கக்கா. அவங்க எல்லாருமா சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்க."

"அவங்களை எனக்குத் தெரியாது தம்பி," என்றார் கண்ணாடி அக்கா. "கண்ணு போனதை நான் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படியை ஒவ்வொன்றாகக் காலால் தடவிப் பார்த்து இறங்கிப் போனார்.